விதிகளுக்கும் ஒரு காவல்



திம்புள்ளை மலைச்சரிவில் கொழுந்து பறிக்கும் தொழிலாளியின் நாட்கூலியை நிர்ணயிப்பது யாது? பாராளுமன்றச் சட்டம் என்போம். ஆயின், 1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தில் தொழிலாளியின் கூலித்தொகை எதுவும் எழுதப்பட்டில்லை. தொழில் கொள்வோர், தொழிலாளர் ஆகிய இருசாராரின் பிரதிநிதிகளும் நியமன உறுப்பினரும் கூடிய சபை அதைத் தீர்மானிக்கும்; ஆட்சேபங்கள் கோரப்படும்; அமைச்சர் அங்கீகரித்தபின் வர்த்தமானியில் வெளிவரும். 2021 மார்ச்சில் வெளிவந்த 1000 ரூபாயும் இவ்வழியே வந்ததாகும். அதனை எதிர்த்துத் தோட்டக் கம்பெனிகள் நீதிமன்றம் சென்றன.

பாராளுமன்றம் தன் அதிகாரத்தில் ஒரு பகுதியைப் பிறரிடம் ஒப்படைப்பது இன்றியமையாதது. கூலியும் விலையும் மாறுந்தோறும் சபை கூடிச் சட்டம் இயற்ற இயலாது. எனினும், ஒப்படைத்தவர் கணக்குக் கேளாவிடின் அதிகாரம் எல்லை மீறும்.

1929இல் இங்கிலாந்தின் பிரதம நீதியரசர் ஹூவர்ட் பிரபு இவ்வாபத்தைக் கடிந்து நூல் எழுதினார். அவ்வாண்டே இதை ஆராயக் குழுவொன்று அமைந்தது. அதன் முதல் தலைவர் யார் தெரியுமா? இலங்கைக்கு அரசியல் சீர்திருத்தம் வகுக்க வந்த அதே டொனமூர் பிரபுவே! ஒப்படைத்த அதிகாரத்தால் பிறக்கும் விதிகளைப் பரிசீலிக்கப் பாராளுமன்றத்தில் நிலைக்குழு வேண்டுமென 1932இல் அக்குழு பரிந்துரைத்தது. 1944இல் பொதுமக்கள் சபையிலும், 1953 டிசம்பரில் இந்திய மக்களவையிலும் அத்தகைய குழுக்கள் தோன்றின.

இந்தியக் குழுவில் அமைச்சர் எவரும் அங்கம் வகிக்கலாகாது. மூலச்சட்டத்தின் எல்லையை விதி மீறுகிறதா? வரி விதிக்கிறதா? நீதிமன்றத்தின் கதவை அடைக்கிறதா? அனுமதியின்றிக் கடந்த காலத்துக்கும் பாய்கிறதா? இவையே அது கேட்கும் வினாக்கள்.

ஆனால், கேட்பதற்கு ஆள் வேண்டுமன்றோ? 1947இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு தொகுதிகளில் வென்றது, தலவாக்கலையில் ஸி. வி. வேலுப்பிள்ளை தெரிவானார். 1948இன் குடியுரிமைச் சட்டமும் 1949இன் தேர்தல் சட்டத் திருத்தமும் வந்தன. 1952இல் அக்கட்சியினர் ஒருவரும் தெரிவாகவில்லை. 1977இல் சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியா - மஸ்கெலியாவில் வெல்லும் வரை, தோட்ட மக்களின் குரல் பாராளுமன்றத்தில் நியமன உறுப்பினர் வாயிலாகவே ஒலித்தது.

கொழுந்து நிறுக்கையில் தராசின் முள்ளைத் தன் கண்ணாலேயே பார்க்க விரும்புகிறாள் தொழிலாளி. விதிகளைப் பரிசீலிக்கும் குழுவும் அத்தகைய பார்வையே. எவர் கூலி நிறுக்கப்படுகிறதோ, அவர் கண்ணும் அங்கே இருத்தல் வேண்டும்.