பன்னிரண்டு வாரத் தாள் வந்த வழி

அரியலூரில் சிமென்ட் மூட்டையின் எடை சின்னப் பிள்ளைக்கும் தெரியும்: 50 கிலோ. அப்படி நான்கு மூட்டைக் கனத்தை ஒரே ராடில் ஏற்றித் தரையிலிருந்து தூக்கி நிமிர வேண்டும் என்று பெரம்பலூர் பாலக்கரைப் பக்கத்து இளைஞர் ஒருவர் ஆசைப்பட்டால், சீனியர் யாராவது முதலில் ஒரு தாளைக் கொடுத்துவிடுவார். முதல் நான்கு வாரம் ஐந்தைந்து ரெப், அடுத்த நான்கு வாரம் மும்மூன்று, பிறகு இரண்டு, ஒன்று. போட்டிக்கு முந்தைய வாரம் ஏறக்குறைய சும்மா இருக்க வேண்டும். பவர்லிஃப்டிங்காரர்கள் 'சைக்கிள்' என்பது இதைத்தான். பெரம்பலூர் வந்து சேர்வதற்குள் இந்தத் தாள் சுற்றிய ஊர்கள் கொஞ்சநஞ்சமல்ல.

கி.பி. மூன்றாம் நூற்றாண்டுக்குப் போவோம். பிலோஸ்திராத்தோஸ் என்ற கிரேக்க எழுத்தாளர் உடற்பயிற்சி பற்றி ஒரு நூல் எழுதினார். அன்றைய பயிற்சியாளர்களிடம் நான்கு நாள் சுற்று ஒன்று இருந்தது. முதல் நாள் உடலைத் தயார் செய்வது, இரண்டாம் நாள் முழு மூச்சான உழைப்பு, மூன்றாம் நாள் இளைப்பாறல், நான்காம் நாள் மிதமான வேலை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பிலோஸ்திராத்தோஸ் இதைச் சாடித் தீர்த்தார். ஒலிம்பியாவில் வென்ற கெரேனோஸ் என்ற மல்லன், விருந்தும் மதுவுமாகக் கொண்டாடிவிட்டு உடம்பு தேறாமலே பயிற்சிக்கு வந்தான். ஆசான் ஆளைப் பார்க்காமல் அட்டவணையைப் பார்த்தார். பயிற்சியின் நடுவிலேயே கெரேனோஸ் உயிர் போனது.

நம் பக்கம் இளவட்டக்கல் இருந்தது. திருநெல்வேலி மாவட்டம் வடலிவிளையில் பொங்கலுக்கு இன்றும் தூக்குகிறார்கள், பெண்களும் தூக்குகிறார்கள். சிறிதும் பெரிதுமாகக் கற்கள் கிடக்கும். பெரியது நூறு கிலோவைத் தாண்டும். குந்தி அணைத்து, தொடைக்கு ஏற்றி, நெஞ்சோடு உருட்டித் தோளுக்குக் கொண்டுபோய்ப் பின்னால் போட வேண்டும். கல்லில் இரண்டரைக் கிலோ கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. ஒரு கல் வசப்பட்டால் அடுத்த கல், அவ்வளவுதான். கல் இங்கேயே கிடக்க, கையில் பிடித்துச் சுழற்றும் கர்லா கட்டை மட்டும் கப்பலேறியது. இந்தியாவில் அதைப் பார்த்த ஆங்கிலேய ராணுவத்தினர் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். 1861-ல் இங்கிலாந்தில் அதைக் கண்ட சைமன் கெஹோ என்ற அமெரிக்கர், நியூயார்க்கில் கட்டை செய்து விற்று, 1866-ல் புத்தகமும் போட்டார். 1904 செயின்ட் லூயி ஒலிம்பிக்கில் கட்டை சுழற்றுவது பதக்கப் போட்டியாகவே நடந்தது. கருவி இப்படி உலகம் சுற்றியபோதும், எடையை எப்போது எவ்வளவு கூட்டுவது என்ற கணக்கு இன்னும் முறைப்படவில்லை.

அது முறைப்பட்டது ஒரு ஆஸ்பத்திரியில். 1944, சிகாகோ கார்டினர் ராணுவ மருத்துவமனை. போரில் முழங்கால் பழுதான வீரர்களால் வார்டுகள் நிரம்பி வழிந்தன. அங்கிருந்த டாக்டர் தாமஸ் டிலோர்ம், சிறு வயதில் வாதக் காய்ச்சலில் படுத்து, பளு தூக்கியே உடம்பைத் தேற்றியவர். நோயாளிகளுக்கும் அதையே கொடுத்துப் பார்த்தார். பத்து முறை மட்டுமே தூக்க முடிகிற எடையை அளவாக வைத்தார்; பின்னாளில் அதில் பாதி, முக்கால், முழுசு என்று மூன்று செட்டாக்கினார். வலு கூடினால் எடையும் கூடும். இன்றும் ஜிம்மில் சேர்ந்த முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற 'மூன்று செட், பத்து ரெப்' பரவியதற்கு இந்த வார்டுதான் பெரிய காரணம்.

எடையை ஏற்றத் தெரிந்தது. இறக்கத் தெரிய ஒரு தற்செயல் தேவைப்பட்டது. அது சில வருடம் முன்பே நடந்திருந்தது. மாண்ட்ரியலில் ஹான்ஸ் செல்யே என்ற ஆராய்ச்சியாளர் புது ஹார்மோன் தேடி, மாட்டின் சூலகச் சாற்றை எலிகளுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார். எலிகளின் அட்ரினல் வீங்கியது, தைமஸ் சுருங்கியது, வயிற்றில் புண் வந்தது. கண்டுபிடித்துவிட்டோம் என்று மகிழ்ந்தவருக்கு, வேறு எதை ஊசியாகப் போட்டாலும் அதே விளைவு. ஹார்மோன் கிடைக்கவில்லை. ஆனால் எந்தத் தாக்குதலுக்கும் உடல் முதலில் அதிர்கிறது, பிறகு தாங்குகிறது, விடாமல் தொடர்ந்தால் ஓய்ந்துபோகிறது என்ற பெரிய உண்மை கிடைத்தது. 1936-ல் 'நேச்சர்' இதழில் அதன் முதல் குறிப்பு வந்தது.

சோவியத் பயிற்சியாளர்கள் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். 1952 ஹெல்சிங்கி அவர்களுக்கு முதல் ஒலிம்பிக். வீரர்களின் பயிற்சிக் குறிப்புகளை ஆராய்ந்த மத்வேயெவ், வருடத்தைக் கட்டங்களாகப் பிரித்து 1960-களில் நூலாக்கினார். அடுத்த பத்தாண்டில் பளுதூக்குதல் பயிற்சியாளர் பிரிலெப்பின் ஒரு சிறிய அட்டவணை போட்டார். உச்ச எடையில் 70 சதவீதத்துக்கு மேல் என்றால் ஒரு நாளில் மொத்தம் 18 ரெப் போதும். 80-க்கு மேல் 15. 90-ஐத் தாண்டினால் 10-க்குள் நிறுத்து.

ஒஹையோவில் முதுகு ஒடிந்து கிடந்த பவர்லிஃப்டர் லூயி சிம்மன்ஸ், சோவியத் நூல்களின் மொழிபெயர்ப்பைத் தேடிப் படித்துத் தன் வெஸ்ட்சைட் ஜிம்மில் பரீட்சித்தார். ஒலிம்பிக் பளுதூக்குதலுக்கான கணக்கு இப்படித்தான் பவர்லிஃப்டிங்கின் மூன்று தூக்குகளான ஸ்குவாட், பெஞ்ச், டெட்லிஃப்டுக்கு இடம் மாறியது. இந்தியாவுக்கு ஆளே வந்தார். 1988-ல் 266 கிலோவைத் தலைக்கு மேல் தூக்கிய பெலாரஸ்காரர் தாரனென்கோ நம் அணிக்குப் பயிற்சியாளரானார். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் கர்ணம் மல்லேஸ்வரி வெண்கலம் வென்றது அவருடைய பயிற்சியில்.

இப்போது அதே தாள் செல்போனில் இலவசமாக வருகிறது. நகலெடுக்கும்போது முதலில் உதிர்ந்துபோவது ஓய்வுதான் என்பது என் கவலை. ரஷ்யக் குளிரில், அரசு சாப்பாட்டில், முழுநேர வீரனுக்கு எழுதிய கணக்கைச் சித்திரை வெயிலில் எட்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு வருகிறவர் அப்படியே செய்தால் முதுகு தாங்காது. வேலூர் சதீஷ் சிவலிங்கத்தைப் பாருங்கள். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றவர், 2018 கோல்ட்கோஸ்டுக்குத் தொடைக் காயத்தோடு போனார். 317 போதுமாக இருந்தது, மறுபடி தங்கம்.

சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலுக்குத் திங்களும் வெள்ளியும்தான் விசேஷ நாட்கள். பெரம்பலூர்க்காரர்கள் கனமான ஸ்குவாட்டை அந்த இரு நாளில் வைத்துக்கொண்டால் நடுவே ஓய்வு தானாக அமையும். தூக்கம், வலி, வேலைப் பளு மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். தாளை அதற்கேற்பத் திருத்துங்கள். கடைசிக் கனமான டெட்லிஃப்டைப் போட்டிக்குப் பத்து நாள் முன்பே முடித்துவிடுங்கள். மேடையில் ஒவ்வொரு தூக்குக்கும் மூன்று முயற்சிதான். மூன்றும் போனால் போட்டியே போயிற்று. ஆகவே முதல் முயற்சிக்கு, ஜிம்மில் மூன்று ரெப் சுத்தமாக எடுத்த எடையையே எழுதிக் கொடுங்கள்.