மெட்டு ஊருக்குப் பொது

'கரோக்கே' என்னும் சொல் ஜப்பானியருடையது. 'கரா' என்றால் வெறுமை. வாத்தியக் குழுவைக் குறிக்கும் 'ஆர்க்கெஸ்ட்ரா' என்ற மேலைச் சொல் அவர்கள் நாவில் சுருங்கி 'ஓக்கே' ஆயிற்று. வாத்தியங்கள் ஒலிக்கும், பாடகரின் இடம் மட்டும் காலியாக இருக்கும், அங்கே யாரும் வந்து நிற்கலாம். இதற்கும் இலத்தூருக்கும் என்ன உறவு என வாசகர் வினவக்கூடும். சொல்தான் நமக்குப் புதிது. செயல் மிகப் பழையது.

தென்காசிக்கு அண்மையில், வயலும் குளமுமாய் அமைந்த ஊர் இலத்தூர். அதைச் சூழ்ந்த வட்டாரமோ பாட்டில் ஊறிய மண். குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் மேலகரத்துக்காரர். காவடிச்சிந்து தந்த அண்ணாமலை ரெட்டியார் (1865-1891) சென்னிகுளத்தில் பிறந்து, ஊற்றுமலை ஜமீனின் ஆதரவில் வாழ்ந்தவர். அவருடைய சிந்தைப் பாடியோரில் இலக்கணம் கற்றவர் எத்தனை பேர்? காவடி சுமந்து நடந்தவன் பாடினான். ஏற்றம் இறைத்தவன் பாடினான். நடையின் துள்ளலே தாளமாயிற்று.

ஒரு மெட்டு ஊருக்குப் பழகிவிட்டால் அது பொதுச் சொத்து. இந்த உண்மையை நன்குணர்ந்தவர்கள் நம் இஸ்லாமியப் புலவர்கள். சிந்து, கும்மி, தாலாட்டு, முனாஜாத்து எனப் பல வகையிலும் பாடி, பாட்டின் தலைப்பில் 'இன்ன பாட்டின் வர்ணமெட்டு' என்று ஒரு வரி அச்சிட்டார்கள். சுரக் குறிப்பு கிடையாது, கற்பிக்க ஆசிரியரும் கிடையாது. அந்த ஒரு வரியைக் கண்டதும் படிப்பவர் நெஞ்சில் வாத்தியம் எழும். சொல்லைப் பார்த்துக் குரல் கொடுக்க வேண்டியதுதான். காலணாப் பாட்டுப் புத்தகத்தைக் காகிதத்தில் செய்த கரோக்கே என்றாலும் தவறில்லை. நிக்காஹ் வீட்டில் ஒரு மூதாட்டி பைத்தை எடுத்துக்கொடுக்க, ஏனைய பெண்கள் சேர்ந்து சொல்லும் வழக்கத்தையும் இங்கே நினைக்கலாம். அந்தக் கூடத்தில் பாடுவோர் உண்டு. கேட்போர் என்று தனியே யாருமில்லை.

கேட்போர் என்றொரு கூட்டத்தைத் தனியே பிரித்தது இயந்திரம். செங்கோட்டை அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்தது. அங்கே 1906இல் பிறந்த எஸ். ஜி. கிட்டப்பா நாடக மேடையை ஆண்டு, 1933இல் இருபத்தேழாம் வயதில் மறைந்தார். இசைத்தட்டு அவர் குரலை வீடுதோறும் கொண்டுவந்தது. பின்னர் ஒலிபெருக்கி வந்தது. நாகூர் ஹனீபாவின் (1925-2015) கம்பீரக் குரல் ஒலிக்காத முஸ்லிம் கல்யாணப் பந்தல் அரிதாயிற்று. பெருங்குரலோன் ஒருவனைக் கேட்டபின், நம் குரலைத் திறக்க நமக்கே கூச்சம். இசைத்தட்டு அளித்தது பெரிது. அது பறித்ததும் சிறிதன்று.

அந்தக் கூச்சத்தை உடைக்கும் வழியை ஜப்பானில் இருவர் தனித்தனியே கண்டனர். தோக்கியோவில் சிறு தொழிற்கூடம் நடத்திய ஷிகேஇச்சி நெகிஷி, தம் பாட்டை ஊழியர் ஒருவர் கேலி செய்ததால், பின்னணி இசையோடு பாடும் பெட்டியொன்றை 1967இல் செய்தார். கோபே நகர மதுக்கூடங்களில் வாத்தியம் வாசித்துப் பிழைத்தவர் தைசுக்கே இனோவே. வாடிக்கையாளர் ஒருவர் உல்லாசப் பயணத்துக்குத் துணையாக அழைத்தபோது, செல்ல இயலாத அவர், அம்மனிதரின் குரலுக்கு ஏற்ற சுருதியில் இசையைப் பதிவுசெய்து நாடாவைக் கொடுத்தனுப்பினாராம். 1971இல் அவர் வாடகைக்கு விட்ட பெட்டிகள் பதினொன்று. நூறு யென் நாணயம் இட்டால் பாடலாம். தேர்ந்த பாடகரின் சுருதி சாமானியனுக்கு எட்டாது என்பதை அறிந்து இசையை அமைத்ததில்தான் அவருடைய மேதைமை இருக்கிறது. அவர் காப்புரிமை பெறவில்லை. பிலிப்பைன்ஸில் தம் பாட்டுப்பெட்டிக்குக் காப்புரிமை பெற்ற ராபர்ட்டோ டெல் ரொசாரியோவுக்கு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1996இல் சாதகமாகத் தீர்ப்பளித்தது. இனோவேக்கு 2004இல் கிடைத்ததோ வேடிக்கை நோபலின் அமைதிப் பரிசு! பிறர் பாட்டைப் பொறுத்துக்கொள்ள மக்களைப் பழக்கியதற்காக.

பரிகாசத்திலும் பொருள் இருக்கிறது. முதலாளி பாடியபின் கடைநிலை ஊழியன் பாடுகிறான். இருவர் குரலும் ஒருபோலத் தடுமாறுகின்றன. கைதட்டல் இருவருக்கும் கிடைக்கிறது. மதுக்கூடத்தில் பிறந்த வழக்கம் என்று முகம் சுளிப்போர் உண்டு, அது நியாயமே. ஆனால் 1985இல் ஒகாயாமாவில் ஒரு சரக்குப் பெட்டகத்தைச் சிற்றறையாக்கியபின், அவ்வழக்கம் மதுக்கூடத்தை விட்டு வெளியேறிக் குடும்பங்களுக்கும் மாணவர்க்கும் உரியதாயிற்று. வாத்தியக்காரர் பலருக்கு இதனால் வேலை குறைந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை.

நம் வர்ணமெட்டுக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. நம்மவர் மெட்டை வாங்கிக்கொண்டு சொல்லைப் புதிதாகத் தந்தனர். கரோக்கேயில் மெட்டும் இரவல், சொல்லும் இரவல். குரல் ஒன்றே சொந்தம். புலவனுக்கு அதில் வேலையில்லை. இக்குறையை நான் பெரிதாகவே கருதுகிறேன்.

எனினும், கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியிலேயே சிங்கப்பூருக்குப் பிழைக்கச் சென்ற குடும்பங்களை எண்ணும்போது மனம் சற்று இளகுகிறது. இன்று கைப்பேசிச் செயலிகளில் ஒருவர் ஜோடிப் பாட்டின் தம் பாதியைப் பாடி வைக்கலாம். கடலுக்கு அப்பாலிருப்பவர் வேலை முடிந்து அறைக்குத் திரும்பியபின் மறுபாதியைச் சேர்க்கலாம். இருவரும் ஒரே வேளையில் விழித்திருக்கவும் வேண்டியதில்லை.