எண் நண்பர் கழகமும் மைசூரு முகாமும்

ராமானுஜன் குறித்து எழுதுவோர் இன்றும் மேற்கோள் காட்டும் மூலநூல்களுள் 1968இல் சென்னையில் வெளிவந்த நினைவு மலரின் இரு தொகுதிகள் முக்கியமானவை. ராமானுஜனின் கடிதங்களும் அவரை நேரில் அறிந்தோரின் நினைவுக் குறிப்புகளும் அவற்றில் திரட்டப்பட்டுள்ளன. பதிப்பாசிரியர் பி. கே. சீனிவாசன் (1924–2005) பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளியின் கணித ஆசிரியர். வெளியிட்டதும் பதிப்பகமன்று. அப்பள்ளியின் 'எண் நண்பர் கழக'த்துப் பழைய மாணவர் குழு. ஆய்வாளர்கள் இப்பெயரை அடிக்குறிப்பில் எழுதிவிட்டுக் கடந்துவிடுவது வழக்கம். சற்று நின்று பார்க்க வேண்டிய பெயர் அது.

பள்ளி மன்றங்கள் பொதுவாகப் பள்ளிப் படிப்போடு முடிந்துவிடும். இங்கோ, மதிப்பெண்ணுக்கும் தேர்வுக்கும் அப்பால் எண்களோடு பழகிய சிறுவர்கள், வளர்ந்த பின்னும் அந்த உறவின் பெயராலேயே ஒன்றுகூடி, ஓர் ஆவணக் காப்பகம் செய்திருக்க வேண்டிய பணியைச் செய்து முடித்தனர். இந்தியக் கணித வரலாறு நிறுவனங்களின் வரலாறாகவே எழுதப்படுவதால் இத்தகைய கூட்டங்கள் அதில் இடம்பெறுவதில்லை.

சீனிவாசனின் முறைக்குப் பொருட்செலவு கிடையாது. நாட்காட்டியை வைத்து எண்களோடு விளையாடுவது பற்றி அவர் ஆங்கிலத்தில் ஒரு சிறுநூலே எழுதினார். அவ்வகைத் தேடலுக்கு ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். வார வரிசையில் அச்சான மாதத் தாளில் 8, 9, 15, 16 ஆகிய நான்கு தேதிகளைச் சதுரமாக எடுத்துக்கொண்டு மூலைவிட்டங்களில் பெருக்கினால் 8×16 = 128, 9×15 = 135; வேறுபாடு 7. வேறு எந்த நான்கை எடுத்தாலும் அதே 7. சதுரத்தை 3×3 ஆக்கி மூலைத் தேதிகளை மட்டும் பெருக்கினால் வேறுபாடு 28; 4×4 ஆக்கினால் 63. ஏழின் 1, 4, 9 மடங்குகள் என்பதைக் கண்டுகொள்ளும் மாணவர் 'ஏன்?' என்று கேட்கும் கணத்தில்தான் இயற்கணிதம் தேவைப்படுகிறது. முதல் தேதியை 'அ' என்று கொள்ளும் பழக்கம் அங்கே விதியாக வருவதில்லை, விடை தேடும் கருவியாக வருகிறது. பாடநூல் இந்த வரிசையைத் தலைகீழாக வைத்திருக்கிறது.

பள்ளிக்கு வெளியே கணிதம் பயிலும் மரபு உலகில் புதிதன்று. ஹங்கேரியில் 1894இல் டேனியல் அரானி என்னும் ஆசிரியர் பள்ளி மாணவர்களுக்கெனக் கணித இதழ் தொடங்கினார். லெனின்கிராடில் 1934இலும் மாஸ்கோவில் 1935இலும் ஒலிம்பியாட் போட்டிகள் தொடங்கின. கணித வட்டங்கள் அவற்றோடு சேர்ந்தே வளர்ந்தன. சென்னையில் இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் 1965இல் தோன்றியது. சர்வதேச ஒலிம்பியாடில் இந்தியா 1989இல் முதன்முறையாகப் பங்கேற்றது. போட்டியின் வரலாற்றை எழுதுவது எளிது. பட்டியலும் பதக்கமும் எஞ்சுகின்றன. போட்டியில்லாத மாலைநேரக் கூட்டம் அப்படி எதையும் விட்டுச் செல்வதில்லை.

1993ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் ஒரு கவனிக்கத்தக்க சந்திப்பு. அவ்வாண்டில்தான் ஏ. டி. பி. போஸ் நிறுவிய ராமானுஜன் அருங்காட்சியகமும் கணிதக் கல்வி மையமும் வடசென்னையின் ராயபுரத்தில் உருவாயின. அதைப் பொறுப்பேற்று வளர்த்தவர் சீனிவாசன். 1912இல் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் ராமானுஜன் எழுத்தராகச் சேர்ந்த துறைமுகம் அருகிலேயே இருக்கிறது. அதே ஆண்டில் பேராசிரியர் எஸ். குமரேசன், தேசிய உயர்கணித வாரியத்தின் நிதியுதவியுடன் கல்லூரி மாணவர்களுக்கான கோடைகாலக் கணிதப் பயிற்சி முகாமைத் தொடங்கினார். நாடெங்கும் நடந்துவரும் அம்முகாம், மைசூருவில் 1963இல் நிறுவப்பட்ட மண்டலக் கல்வியியல் நிறுவனத்திலும் நடந்திருக்கிறது. நான்கு வாரங்கள், கட்டணமில்லை, உணவும் உறைவிடமும் இலவசம். ஆசிரியர் விரிவுரை ஆற்றுவதைவிடக் கேள்வி கேட்பதே அதிகம். முகாமின் பெயரில் 'திறன் தேடல்' என்ற சொல் இருப்பது சற்றே திசைதிருப்பக்கூடியது. அங்கே நடப்பது பொறுக்கியெடுப்பதைவிட, மனப்பாடத்தில் ஊறியவர்களைச் சிந்திக்கப் பழக்குவதுதான்.

ராயபுரத்துக்கும் மைசூருவுக்கும் உள்ள வேறுபாடு பயில்வோரின் வயது மட்டுமன்று. முன்னது பெரிதும் ஒரு மனிதரின் உழைப்பில் நின்றது. பின்னதற்கு அரசு வாரியத்தின் நிதி இருந்தது, ஆகவே கோப்புகளும் இருக்கும். எண் நண்பர் கழகத்துக்கோ அதன் உறுப்பினர்களின் நினைவே ஆவணம். 1960களில் அங்கே பள்ளிச் சிறுவர்களாக இருந்தோர் இன்று எழுபதைக் கடந்தவர்கள். ராமானுஜன் மறைந்து 48 ஆண்டுகளுக்குப் பின் அவரை அறிந்தோரின் நினைவுகளைத் திரட்டி அச்சேற்றிய கழகத்தின் வரலாற்றை, அதே முறையில் அதன் உறுப்பினர்களிடமிருந்துதான் திரட்ட வேண்டியிருக்கிறது.