பிர்கா

நரிக்குடிப் பக்கம் வருமானச் சான்றுக்கு அலைகிறவர், "பிர்கா ஆபீஸ்ல ஆர்.ஐ. இருக்காரா?" என்றுதான் கேட்பார். ஆர்.ஐ. என்பவர் வருவாய் ஆய்வாளர். அரசாணைத் தமிழில் பிர்கா என்பது குறுவட்டம். பேச்சில் அந்தச் சொல் ஒட்டவே இல்லை.

பிரித்தலைக் குறிக்கும் அரபு வேரிலிருந்து பிறந்தது 'ஃபிர்கா': பிரிவு, கூட்டம் என்று பொருள். பாரசீகம், உருது வழியாக வருவாய்த் துறைக்குள் நுழைந்தது. தாலுகாவும் ஜில்லாவும்கூட அரபு வழி வந்தவையே. ஜில்லாவின் மூலப்பொருள் விலா எலும்பு, பக்கம்! வேடிக்கை என்னவென்றால், அல்ஜீரியாவில் மாகாணத்துக்கு அடுத்த நிர்வாகப் பிரிவின் பெயர் 'தாயிரா'. அதற்குப் பொருள் வட்டம். நாம் தாலுகாவை மொழிபெயர்த்துச் சொல்வதும் வட்டம்தான்.

சில கிராமங்கள் சேர்ந்தது ஒரு பிர்கா. பல பிர்காக்கள் சேர்ந்தது தாலுகா. நரிக்குடி, ஊராட்சி ஒன்றியத்துக்குத் தலையூர். தாசில்தாரைப் பார்க்கவோ திருச்சுழிக்குப் போக வேண்டும்.

கண்மாயை நம்பிய இந்த வறண்ட சீமையில் பிர்கா வெறும் காகிதக் கோடல்ல. தமிழ்நாட்டில் நிலத்தடி நீர் இருப்பைப் பிர்கா வாரியாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். பயிர்க் காப்பீட்டிலும் சில பயிர்களுக்கு அதுவே அலகு. மழையோ அப்படிப் பார்த்துப் பெய்வதில்லை. ஒரே பிர்காவில் ஒரு கண்மாய் மறுகால் போகும், அடுத்த கண்மாயில் ஆடு மேயும்.