பணிச் சான்றுரை (கொங்கு நாடு)

விலகிச் செல்லும் பணியாளரின் திறமை, நடத்தை குறித்து முன்னாள் மேலாளர் புதிய நிறுவனத்துக்குச் சொல்லும் கருத்து. கோவையின் நூற்பாலைகள், வார்ப்பட ஆலைகள், பம்புசெட் பட்டறைகள், திருப்பூர் பனியன் கம்பெனிகள் ஆகியவற்றில் இது பெரும்பாலும் தொலைபேசியிலேயே முடிந்துவிடுகிறது. "ஆளு எப்படிங்க?" என்ற கேள்விக்குக் கிடைக்கும் பதில் சம்பந்தப்பட்டவரின் காதுக்கு எட்டாது, மறுக்க வழியும் இல்லை. இந்த வழக்கத்தின் முதன்மையான அநீதி இதுவே.

மேலாளரின் தடுமாற்றம் பலவகை. கைதேர்ந்த ஃபிட்டரை இழக்க மனமின்றிக் குறைத்துச் சொல்லலாம். வேண்டாதவரை அனுப்பிவிடக் கூட்டிச் சொல்லலாம். உலைக்களத்தில் பாதுகாப்பு விதியை மீறியவரைப் பற்றி இரக்கத்தால் மௌனம் காத்தால், புதிய இடத்தில் சக தொழிலாளரின் உயிருக்கே ஆபத்து.

1946ஆம் ஆண்டின் மத்திய மாதிரி நிலையாணைகள் பணிநீக்கம், பணிவிடுவிப்பு, ஓய்வு ஆகியவற்றின்போது நிரந்தரத் தொழிலாளிக்குப் பணிச் சான்றிதழ் பெறும் உரிமையை அளித்தன. ஒப்பந்தத் தொழிலாளர் அதற்கு வெளியே நின்றனர். பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு, தன் நலனையோ பிறர் நலனையோ காக்க நல்லெண்ணத்துடன் கூறும் குறையை அவதூறாகக் கொள்வதில்லை. கவனமின்றித் தரும் சான்றுரைக்கு முதலாளி பொறுப்பாகலாம் என்று பிரிட்டனின் பிரபுக்கள் அவை 1994இல் ஸ்பிரிங் வழக்கில் தீர்ப்பளித்தது.

பதிவேட்டில் உள்ளதை மட்டும் எழுதி, அதன் நகலைப் பணியாளரிடமும் கொடுப்பதே நேர்மையான முறை.