மட்டுறுத்தலும் வாய்மொழி வழக்கும்: தமிழ் விக்கிப்பீடியாவும் பழனிமலை வரலாறும்

இணையக் குழுமங்களில் ‘மட்டுறுத்தல்’ என்னும் சொல் வசையையும் விளம்பரத்தையும் நீக்குதல் என்ற பொருளிலேயே பெரிதும் வழங்குகிறது. 2003ஆம் ஆண்டு தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் அதன் பணி இன்னும் விரிவானது. அங்கு எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம். பயனர் சமூகத்தின் ஒப்புதலால் அமர்த்தப்படும் நிர்வாகிகள் பக்கங்களைப் பூட்டலாம், சிதைப்பவரைத் தடைசெய்யலாம். ஒரு கூற்று உண்மையா என்று தீர்ப்பளிக்கும் உரிமை மட்டும் அவர்களுக்கு இல்லை. மாறுபாடு எழுந்தால் பேச்சுப் பக்கத்திலோ, ‘ஆலமரத்தடி’ என்று பொருத்தமாகவே பெயரிடப்பட்ட பொது மன்றிலோ உரையாடி முடிவுகாண வேண்டும்; நம்பகமான வெளியீடு ஒன்றைச் சான்றாகக் காட்டவும் வேண்டும். காட்டாத இடத்தில் ‘சான்று தேவை’ என்னும் குறிப்பு இடம்பெறுகிறது.

ஏட்டில் ஏறிய வரலாற்றுக்கு இந்நெறி நன்கு பொருந்துகிறது. அகநானூறு குறிக்கும் பொதினி பழனியே என்பதும், புறநானூற்றுக் கடிய நெடுவேட்டுவனின் கோடைமலை இன்றைய கொடைக்கானல் மலையே என்பதும் ஆய்வாளர் பலரின் கருத்து. எவர் எந்நூலில் அவ்வாறு கூறினார் என்று எழுதினாலே நடுநிலை காக்கப்படும்.

மலைவாழ் மக்களின் வரலாற்றிலோ இதே நெறி இடர்ப்படுகிறது. தாராபுரம், காங்கேயம் பகுதிகளிலிருந்து போரினாலோ பஞ்சத்தினாலோ தம் முன்னோர் மலையேறினர் என்பது குன்னுவரின் மரபுக்கதை. பிரான்சிஸ் எழுதிய மதுரை மாவட்ட விவரச்சுவடி (1906) இதனைப் பதிவு செய்தது. எட்கர் தர்ஸ்டனின் தொகுப்பும் (1909) எடுத்துரைத்தது. மூலத்தில் இதுவும் வாய்மொழியே. ஆங்கில அதிகாரி கேட்டு எழுதியதால் ‘நம்பகமான மூலம்’ ஆயிற்று. பளியர் முதியவர் ஒருவர் ஓர் ஊற்றுக்கோ பாறைக்கோ தம் முன்னோர் இட்ட பெயரை இன்று சொன்னால், அதைக் கேட்டு எழுதுபவரின் பதிவு ‘சொந்த ஆய்வு’ என நீக்கத்தக்கதாகிறது. நீக்கும் நிர்வாகியைக் குறைகூற இயலாது. அவர் விதிப்படியே நடக்கிறார். குடியேற்றக் காலத்தில் எவர் சொல் அச்சேறியது என்னும் ஏற்றத்தாழ்வு, எவரும் உள்நோக்கம் கொள்ளாமலேயே, மட்டுறுத்தலின் வழியாகத் தொடர்கிறது.

இச்சிக்கல் தமிழுக்கு மட்டும் உரியதன்று. 2011இல் அச்சல் பிரபாலா விக்கிமீடியா அறக்கட்டளையின் ஆதரவோடு மலையாளம், இந்தி, தென்னாப்பிரிக்காவின் செப்பெடி ஆகிய மொழிகளில் வாய்மொழிச் சான்று முயற்சியை மேற்கொண்டார். நேர்காணலின் ஒலிப்பதிவையே மேற்கோளாக இணைப்பது அதன் முறை. இதுவும் சொந்த ஆய்வே என்ற மறுப்பு எழுந்தது. பொது விதியாக அது நிலைபெறவில்லை. மறுப்பில் நியாயம் உண்டு: சாதிப்பெருமைக் கதைகளும் இவ்வழியே நுழையக்கூடும். எனினும் சொன்னவர், கேட்டவர், இடம், நாள், சொன்னவரின் இசைவு ஆகியவற்றைத் தாங்கிய ஒலிப்பதிவு, ‘அம்மக்கள் கூறுவர்’ என்ற அளவில் நிற்கும் விவரச்சுவடி வரியைவிடச் சரிபார்க்க எளிது. வாய்மொழியை ஏற்பதா என்னும் வினாவைக் காட்டிலும், எவ்விவரங்களோடு ஏற்பது என்பதே ஆலமரத்தடியில் விவாதிக்கத்தக்கது.