நார்தர்ன் சோல்

நார்தர்ன் சோல் என்பது, 1960களில் அமெரிக்காவில் வெளியாகி விற்காமல் போன சோல் இசைத்தட்டுகளைத் தேடியெடுத்து வட இங்கிலாந்தின் நடன அரங்குகளில் ஒலிக்கச் செய்த இசை மரபு. இவை பெரும்பாலும் சிறு நிறுவனங்களின் ஏழு அங்குல சிங்கிள்கள். விரைந்த தாளம் பொது அடையாளம். பெயரிட்டவர் இசை எழுத்தாளர் டேவ் காடின். மான்செஸ்டரின் ட்விஸ்டட் வீல், 1973 முதல் 1981 வரை இயங்கிய விகன் கசினோ ஆகியவை முக்கிய அரங்குகள்.

இத்தட்டுகள் தோற்றதற்குப் பாட்டின் தரத்தைவிட, வானொலியில் இடம்பிடிக்கவும் கடைகளுக்குச் சரக்கு அனுப்பவும் பணமில்லாததே பெரிய காரணம். குளோரியா ஜோன்ஸ் பாடி 1965இல் வெளியான ‘டெயின்டட் லவ்’ ஒரு சிங்கிளின் பின்பக்கத்தில் கிடந்தது. சாஃப்ட் செல் குழு அதை மீண்டும் பாடி 1981இல் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அந்த வெற்றி மெட்டின் வலுவுக்குத்தான் சான்று, மூல ஒலிப்பதிவுக்கு அல்ல என்ற மறுப்பு நியாயமே. அரிதானவை என்பதாலேயே இவை போற்றப்படுகின்றன என்ற மறுப்பும் உண்டு. மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனம் முறையாக வெளியிடாமல் நிறுத்திய ஃபிராங்க் வில்சனின் 1965 தட்டு, 2009இல் 25,000 பவுண்டுக்கு மேல் விலைபோனது. போட்டியாளர் அறியாதபடி டி.ஜே.க்கள் லேபிளைத் தாளால் மூடிப் பொய்ப்பெயர் சொல்வதும் வழக்கம். ஆனால், அரிய தட்டென்று அறிந்து விலை கொடுப்பவர் சேகரிப்பவர். லேபிள் மூடப்பட்ட தட்டுக்கு ஆடியவர்களை இழுத்தது காதில் விழுந்த இசை மட்டுமே.